டேப் கோணலா இருக்குதுங்க

பத்து நாற்பதுக்கு மணி அடித்துவிட்டது. டீ முடிந்து எல்லோரும் செக்கிங் மேசைக்குத் திரும்பிவிட்டோம். அடுத்த மணி பன்னிரண்டரைக்கு. டீக்குப் போன் கிடையாது, சாப்பாட்டு மணிக்குத்தான் தருவார்கள், அதுவரை என் செல்போன் கேட்டில், செக்யூரிட்டி அறைப் பலகையில், நூற்றிப் பதினாலாம் நம்பர் பொந்துக்குள் கிடக்கும். அடித்தாலும் எனக்குக் கேட்காது. என் வீட்டுக்காரர் காலையில் ஏழு நாற்பதுக்குக் கிளம்பினார். மூலனூரைத் தாண்டி ஒரு தோட்டத்தில் போர் மோட்டார் ரிப்பேர். திருப்பூரிலிருந்து பைக்கில் இரண்டு மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் ஒன்பதே முக்காலுக்குச் சேர்ந்திருக்க வேண்டும். எங்கே போனாலும் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், செல்போன் வாங்கிய நாளிலிருந்து அது எங்கள் பழக்கம். கொடுத்திருப்பார். பொந்துக்குள் ஒரு தடவை அடித்து அடங்கியிருக்கும். அடங்கியிருக்கும் என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். கொடுக்காமல் இருந்தால்? பொந்து சும்மா இருந்தால்? சும்மா இருக்கிற போனும் அடித்து அடங்கிய போனும் பூட்டிய அறைக்குள் ஒன்றுதான். கையில் ஒரு பீஸ் வந்துவிட்டது. காலர். தோள். பைண்டிங். மேல் டேப், கீழ் டேப். சைடு. லேபிள். பிசிர். சரி. அடுத்தது.

என் வேலை குற்றம் கண்டுபிடிப்பது. பத்தொன்பது வருஷமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். இந்தக் கம்பெனியில் தைப்பது ரோட்டில் போகிறவர்கள் சட்டைக்கு மேலே போட்டுக்கொள்ளும் கண்ணைப் பறிக்கிற மஞ்சள் கோட்டு, கையில்லாதது, நெஞ்சைச் சுற்றியும் இடுப்பைச் சுற்றியும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற சாம்பல் நிற டேப். கம்பெனியில் அதை வெஸ்ட் என்போம். மஞ்சள் என்றால் மஞ்சளும் இல்லை, எலுமிச்சங்காயையும் கிளிப்பச்சையையும் கலந்து உள்ளே பல்பு போட்டு வைத்த நிறம். அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால் சுவர் ஊதாவாகத் தெரியும். சேர்ந்த புதிதில் வீட்டுக்குப் போனால் சோறு ஊதா, அவருடைய வேட்டி ஊதா. "உனக்கு மட்டும் ஊரெல்லாம் கத்திரிப்பூ" என்று கேலி செய்வார். இப்போது அதுவும் இல்லை. இப்போது என்ன ஆகிவிட்டது என்றால், இந்த மஞ்சள் எனக்குத் தெரிவதே இல்லை. ஊரையே திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்த நிறம், எனக்கு வெள்ளைத்தாள். அதன் மேல் இருக்கிற தப்பு மட்டும் தெரியும். தையல் விட்டிருந்தால் தெரியும், டேப் ஒரு நூல் இறங்கியிருந்தால் மேசைக்கு வருமுன்னே தெரியும். சிவப்பு அம்பு ஸ்டிக்கரைத் தப்பு இருக்கிற இடத்தில் ஒட்டி, பீஸை இடது பக்கம், திருத்தத்துக்குப் போகிற ஆல்டர் கூடையில் எறிந்துவிட்டு அடுத்ததை இழுப்பேன். கண் பார்த்ததும் கை எறிந்துவிடும், நடுவில் நான் என்று ஒருத்தி வர வேண்டியதில்லை. அப்படி இருந்தால்தான் மணிக்கு எண்பது பீஸ் ஓடும். இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். புதிதாகச் சேர்கிற பெண்களிடம், யோசிக்காதே, கண்ணுக்கும் கைக்கும் நேராகக் கம்பி போட்டுக்கொள் என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அதை இப்போது நினைத்தால் கை ஈரமாகிறது. ஈரக்கையால் பீஸைத் தொடக்கூடாது, கறை ஏறும். சேலையில் துடைத்துக்கொள்கிறேன்.

காலையில் இஸ்திரி போட்டிருக்கக் கூடாது. அதுதான், அதையேதான் நினைக்கக் கூடாது என்று டீக் குடிக்கும்போதே முடிவு செய்திருந்தேன். நேற்று அவர் கோட்டைத் துவைத்துப் போட்டேன். ஐப்பசி வானம், காயவே இல்லை. விடிந்து பார்த்தால் கழுத்தும் தோளும் சொதசொதவென்று இருக்கிறது. "நேரமாச்சு புள்ள, இன்னைக்கு ஒரு நாளு கோட்டு இல்லாமப் போறேன், சாமியா கோவிச்சுக்கப் போகுது?" என்றார். நான் விடவில்லை. மூடாக்கு வானம், தூறல் வேறு, இன்றைக்குத்தான் கட்டாயம் போட வேண்டும் என்று பிடுங்கிக்கொண்டு போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினேன். பத்து நிமிஷம் அவர் வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு உறுமிக்கொண்டே இருந்தார். துணியின் மேல் ஓட்டினேன், அவசரத்தில் டேப்பின் மேலும் ஓட்டிவிட்டேன். முதுகுப்பக்கம், வலது பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்கு டேப் சுருங்கி, மினுமினுப்புப் போய், பொசுங்கின பால் ஏடு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு கோட்டிலும் உள்பக்கம் ஒரு லேபிள் இருக்கும். அதில் இஸ்திரிப் பெட்டி படம் போட்டு மேலே பெருக்கல் குறி போட்டிருக்கும். அந்த லேபிள் நேராகத் தைத்திருக்கிறதா என்று ஒரு நாளைக்கு அறுநூறு தடவை பார்க்கிறவள் நான். நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன் போல. படம் என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. அதோடு விட்டேனா, துவைக்கிற கணக்கும் அதே லேபிளில் இருக்கிறது, இருபத்தைந்து தடவைக்கு மேல் துவைத்தால் பயனில்லை என்று. வாரம் தவறாமல் கல்லில் அடித்துத் துவைத்திருக்கிறேன், ஒரு வருஷமாக. மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். சுத்தமாக இருந்தால் பளிச்சென்று தெரியும் என்றுதான் செய்தேன். துவைத்துத் துவைத்தே வெளுக்க வைத்திருக்கிறேன். பொசுங்கின இடத்தை அவருக்குக் காட்டவில்லை. முதுகுப் பக்கம்தானே, அவருக்கு எங்கே தெரியப் போகிறது என்று மாட்டி விட்டேன். பின்னால் வருகிறவனுக்கல்லவா தெரிய வேண்டும். பத்து நிமிஷம் தாமதம். அந்தப் பத்து நிமிஷத்தை அவர் எங்கே பிடிப்பார்? ரோட்டில்தான் பிடிப்பார்.

பகல்தானே, பகலில் டேப்புக்கு வேலை இல்லை, பகலுக்கு நிறம், ராத்திரிக்கு டேப். போன வருஷம் மீட்டிங் போட்டு எங்களுக்கு விளக்கிய பெண் அப்படித்தான் சொன்னாள். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களோடு பேசுகிற பெண், சின்ன வயசு, நன்றாகத் தமிழ் பேசினாள். நான்தான் எழுந்து கேட்டேன், இதைப் போட்டால் ஆக்சிடெண்டு ஆகாதா என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "தூரத்துல இருந்தே தெரியும்க்கா. அது நிச்சயம். தெரிஞ்சவங்க அப்புறம் என்ன செய்வாங்கங்கறது நம்ம கையில இல்லையே" என்றாள். அன்றைக்கு அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை, படித்தவள் பூசி மெழுகுகிறாள் என்று நினைத்தேன். அந்தத் தீபாவளிக்கு ஆர்டரில் மிஞ்சின பீஸை ஸ்வீட் டப்பாவோடு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கொண்டுபோய் அவரிடம் நீட்டினால், "இதப் போட்டுட்டு எங்க புள்ள நிக்கோணும், கொடி புடிச்சுட்டு ரோட்டோரமா?" என்று ஒரே நக்கல். அவர் சொன்னதிலும் தப்பில்லை. காங்கயம் தாண்டி ரோடு அகலப்படுத்துகிறார்கள், அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் இதே மஞ்சள். மனுஷர் போதாதென்று துணிக்கடைப் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து அதற்கும் கோட்டு மாட்டிக் கையில் கொடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து தாராபுரம் கல்யாணத்துக்குப் போகும்போது காட்டினார். "பாரு, உங்க கம்பெனி மாப்பிள்ளை." நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த வழியே தினம் போகிறவனுக்கு மஞ்சள் என்றால் என்ன? நிற்கிற ஆள். பொம்மை. ஓரத்தில் இருப்பது, நகராதது, பயப்பட வேண்டாதது. ரோட்டோரம் முழுக்க ஆவாரம்பூ வேறு பூத்துக் கிடக்கும் இப்போது. அதுவும் மஞ்சள். அத்தனைக்கும் நடுவில் இவர் ஒரு மஞ்சள், அறுபதில் வருகிறார் என்று எவன் பிரித்துப் பார்ப்பான்? இந்தப் பீஸில் மேல் டேப் சரியாக இருக்கிறதா? பார்த்தேனா? இரண்டாம் தடவை பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது. மூன்றாம் தடவையும் பார்க்கிறேன்.

"என்னக்கா, ஒரே பீஸையே எம்புட்டு நேரம் பாக்குறீங்க? அதுல எதுவும் படம் ஓடுதா?" பக்கத்து மேசைப் பாண்டியம்மா. உசிலம்பட்டிக்காரி, வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. ஒன்றுமில்லை, கண் வலிக்கிறது என்றேன். "வீட்டுல எதும் சண்டையா?" என்றாள். சண்டை என்றால் பரவாயில்லையே. பாண்டியம்மாவிடம் சொல்லிவிடலாமா? எதைச் சொல்வது? இஸ்திரியையா? அது பெரிய விஷயம் இல்லை, எனக்கே தெரியும். இஸ்திரி ஒரு சாக்கு. அதை நினைத்துக்கொண்டிருந்தால் இன்னொன்றை நினைக்காமல் இருக்கலாம் என்று காலையிலிருந்து மனசு அதையே போட்டு அரைக்கிறது.

பன்னிரண்டு நாளாகிறது. வெள்ளிக்கிழமை, காலை எட்டேகால். தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே மெயின் ரோட்டிலிருந்து வலது பக்கம் கம்பெனி ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஸ்கூட்டியை நிறுத்தினேன். இண்டிகேட்டர் போட்டேன். எதிரே பார்த்தேன். பார்க்கவே இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன், அத்தனை நன்றாகப் பார்த்தேன். ஒரு பைக் வருகிறது, அதன் மேல் மஞ்சள் கோட்டு, எங்கள் கம்பெனி பீஸ்தான், எல் சைஸ், கீழ் டேப் வலது பக்கம் அரை இஞ்ச் இறங்கியிருக்கிறது. சைடில் ஜாயிண்ட் சேரவில்லை. எந்த மகராசி பாஸ் பண்ணினாளோ என்று நினைத்தேன், அது நானாகவே இருக்கலாம் என்றும் நினைத்தேன். ஆல்டர் என்று மனசு சொன்னது. சொன்னதும் கை முறுக்கிவிட்டது. பார்த்தாயிற்று, தப்பைப் பிடித்தாயிற்று, அந்தப் பீஸ் முடிந்தது, அடுத்தது. மேசையில் எப்படியோ அப்படியே. வண்டி அவருக்கு முன்னால் போய் நின்றது. பிரேக் சத்தம் கேட்டது, சேற்றில் டயர் வழுக்குகிற சத்தம், அப்புறம் ஒரு ஆள் விழுகிற சத்தம். எழுந்துவிட்டார். முழங்கை உரிந்து ரத்தம். கோட்டில் பாதி சேறு. கிட்டே வந்து நின்று, கத்தக்கூட இல்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்: "இத்தனை பளிச்சுனு வாரனேம்மா, உங்களுக்குத் தெரியலீங்களா?" மன்னிச்சுக்கோங்க என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "டேப் கோணலா இருக்குதுங்க." அவர் என்னைப் பார்த்தார். குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, உதைத்து, போய்விட்டார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைத்தால் சரிதான்.

அதுகூடப் போகட்டும். அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் என்னைத் தின்கிறது. இரண்டடி தூரத்தில் நின்று பேசினார். வயசு முப்பதா ஐம்பதா தெரியாது. மீசை உண்டா தெரியாது. ஹெல்மெட் போட்டிருந்தாரா, கழற்றினாரா, அதுகூடத் தெரியாது. கோட்டைக் கேட்டால் சொல்கிறேன், தோள் பைண்டிங்கில் எத்தனை தையல் என்று சொல்கிறேன், லாட் நம்பர்கூடக் கிட்டத்தட்டச் சொல்லிவிடுவேன். உள்ளே ஒரு மனுஷர் இருந்தார், அவரைக் காணோம். எங்கேயாவது எதிரே வந்தால் மன்னிப்புக் கேட்கலாம் என்று தினமும் பார்க்கிறேன், கேட்கவும் முடியாது, எதிரே வருகிற எவரும் அவராக இருக்கலாம். வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. "நீ பாத்து ஓட்டுவே, உனக்குக் கண்ணுதான சோறு போடுது" என்று சொல்லி ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்த மனுஷன். அதோடு, தினமும் அவரை விரட்டி விரட்டிக் கோட்டு மாட்டி அனுப்புகிறவள் நான். கோட்டு போட்டவரையே தள்ளிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் இருப்பதற்குப் பதிலாகத் துவைத்தேன். முன்னே வாரத்துக்கு ஒரு தடவை, இந்தப் பன்னிரண்டு நாளில் நான்கு தடவை. நான் ஒருத்தரைப் பார்க்காமல் விட்டேன், அதற்கு எவனாவது இவரைப் பார்க்காமல் விடுவான். அப்படியெல்லாம் நேருக்கு நேர் கணக்குத் தீர்க்கச் சாமிக்கு வேறு வேலை இல்லையா என்று எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன். சாமி வேண்டாம். என்னை மாதிரி ஒருத்தி போதும். என் மாதிரி நன்றாகப் பார்க்கிற ஒருத்தி ரோட்டில் இருந்தால் போதும். காலர். தோள். பைண்டிங். ஆபீசில் போய் ஒரே ஒரு போன் என்று கேட்கலாமா? அவசரம் என்றால் கொடுப்பார்கள். என்னம்மா அவசரம் என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் கோட்டுக்கு இஸ்திரி போட்டுவிட்டேன் என்று சொல்வதா? மேல் டேப். கீழ் டேப். பதினொன்று ஐந்து. மோட்டாரைப் போரிலிருந்து தூக்கியிருப்பார். கையெல்லாம் கிரீஸாக நின்றுகொண்டிருப்பார். கோட்டைக் கழற்றித் தென்னை மரத்தடியில் வைத்திருப்பார். நிழலில் வைத்தாரோ வெயிலில் வைத்தாரோ. வெயிலே இல்லையே இன்றைக்கு. பயம் என்பது மெஷின் மாதிரி, பெடலிலிருந்து காலை எடுத்தாலும் சக்கரம் கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கிறது. என்னுடையது நிற்கவே இல்லை.

"சம்பூரணக்கா." சூப்பர்வைசர் ரியாஸ். வழக்கமாகத் தூரத்திலிருந்தே அவுட்புட் என்னாச்சு என்று கத்திக்கொண்டு வருகிறவர், பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசுகிறார். மெதுவாகப் பேசும்போதே தெரிந்துவிட்டது. "கேட்டுல உங்களைக் கூப்பிடறாங்கக்கா. போய்ட்டு வாங்க." பாண்டியம்மாவின் கத்திரி நின்றது. அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கத்திரிகள் நின்றன. இந்தக் கம்பெனியில் கேட்டுக்கு யாரையும் நல்ல சேதி சொல்லக் கூப்பிட்டதில்லை. போன மாசம் கட்டிங் செக்ஷன் பெண்ணைக் கூப்பிட்டார்கள், அவள் அப்பா. அதற்கு முன்னால் பேக்கிங்கில் ஒருத்தியைக் கூப்பிட்டார்கள், அவள் திரும்பி வரவே இல்லை, பை மட்டும் பத்து நாள் கொக்கியில் தொங்கியது. கேட்டில் ஒரு நோட்டு உண்டு. பேர், நேரம், காரணம். காரணத்தில் சாவு, ஆஸ்பத்திரி, இரண்டில் ஒன்று எழுதியிருக்கும். "நானும் வரவாக்கா?" என்றாள் பாண்டியம்மா. வேண்டாம் என்று தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். கையிலிருந்த பீஸை எந்தக் கூடையில் போட்டேன் என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை தெரியவில்லை.

செக்கிங் ஹாலிலிருந்து கேட்டுக்கு நூற்றைம்பது அடி இருக்கும். அயர்னிங் செக்ஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். புஸ் புஸ்ஸென்று ஆவி, சூடான துணி வாசனை, காலையில் எங்கள் வீட்டில் அடித்த அதே வாசனை. இன்றைக்கு இந்த வாசனை வேண்டாம். யார் வந்திருப்பார்கள்? போலீஸ்காரரா? அவர் போனில் என் நம்பரை 'வூடு' என்று போட்டு வைத்திருப்பார், அதைத்தான் முதலில் அடித்திருப்பார்கள், அடித்து அடித்துப் பார்த்துவிட்டு நேரே வந்திருப்பார்கள். இவருடைய அண்ணன், மூத்தாரா? அவர் வந்தால் முகத்தைப் பார்க்காமலே துண்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம், துண்டு தோளில் இருந்தால் ஒன்று, கையில் இருந்தால் ஒன்று. யார் முகத்தையும் நான் பார்ப்பதில்லையா? எல்லாவற்றிலும் துணியைத்தான் பார்க்கிறேனா? கல்யாணத்தன்று இவரைக்கூட அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பட்டுச் சட்டையில் இடது காஜா ஒன்று பிரிந்திருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. சாமி, பிரிந்திருந்தால் இருக்கட்டும், பொசுங்கியிருந்தால் இருக்கட்டும், முட்டி உடைந்திருந்தாலும் இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே ஆள் இருந்தால் போதும். கேட்டுக்கு வெளியே பைக் நிற்கிறது. அவருடைய பைக். ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. இன்னொரு கண்ணாடிக் கம்பியில் மஞ்சள் கோட்டு தொங்குகிறது. கோட்டு மட்டும். சேறு. இடது தோள் பைண்டிங் இரண்டு இஞ்ச் பிரிந்திருக்கிறது. பார்க்காதே, பார்க்காதே என்று என் கண்ணையே திட்டுகிறேன், அது பார்த்துவிட்டது.

"சம்பூரணோ."

செக்யூரிட்டி அறைக்குப் பின்னால் குழாயடியிலிருந்து வருகிறார். முகம் கழுவின தண்ணீர் மோவாயில் சொட்டுகிறது. வலது முட்டியில் பேண்ட் கிழிந்திருக்கிறது. நடக்கிறார். நொண்டுகிறார், ஆனால் நடக்கிறார். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பயந்துக்காத புள்ள. உளுந்துட்டேன், அவ்வளவுதான். முட்டிதான் கொஞ்சம்."

"எங்கங்க?"

"காங்கயம் தாண்டி. ரோட்டு வேலை நடக்குதில்ல, அங்க. சந்துல இருந்து ஒரு காரு. நின்னான். என் மூஞ்சிய நேராப் பாத்தான் புள்ள. கண்ணாடிக்குள்ள அவன் மீசை வரைக்கும் எனக்குத் தெரியுது. பாக்கறானே, நிப்பான்னு நான் பாட்டுக்கு வாரேன். பாத்துட்டே ரோட்டுல ஏறிட்டான். நான் வண்டிய ஒடிச்சு ஆவாரஞ்செடிக்குள்ள போய் உளுந்தேன். அவன் நிக்கக்கூட இல்லை." கிழிந்த பேண்டைத் தட்டிவிட்டார். "டீக்கடையில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். கை நிக்க மாட்டேங்குது. உனக்கு மூணு தடவை போன் அடிச்சேன். நீ எடுக்க மாட்டேன்னு தெரியும், தெரிஞ்சேதான் அடிச்சேன். அப்புறம் தோட்டத்துக்காரருக்கு நாளைக்கு வாரேன்னு சொல்லிப்போட்டு இங்க வந்துட்டேன். வூட்டுக்குப் போகத் தோணலை."

கோட்டை எடுத்து என் முன்னால் நீட்டினார். கோபம் இப்போதுதான் வருகிறது அவருக்கு. "இதப் போட்டா எல்லாத்துக்கும் தெரியும்னியே. தெரிஞ்சுதே. நல்லாத் தெரிஞ்சுதே அவனுக்கு. பாத்துட்டு எப்படிப் புள்ள ஏறுவான் ஒருத்தன்? நீதான செக்கிங். நீயே சொல்லு."

ஊரில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் தெரியாது என்று சொல்லியிருப்பார்கள். என்னிடம் வந்து கேட்கிறார். செக்யூரிட்டி அந்தப் பக்கம் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"பாத்திருப்பாருங்க" என்றேன். "மஞ்சளைப் பாத்திருப்பாரு. உங்களைப் பாத்திருக்க மாட்டாருங்க."

"அதெப்படி?"

"நானும் ஒருத்தரைத் தள்ளிட்டனுங்க."

சொல்லிவிட்டேன். தண்ணீர்த் தொட்டி, இண்டிகேட்டர், அரை இஞ்ச் டேப், முறுக்கின கை, எல்லாம். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, லாட் நம்பர் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் நான் அந்த மனுஷரிடம் சொன்னதைச் சொன்னபோது, "டேப்பு கோணலா இருக்குதுன்னா சொன்ன?" என்று அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அடக்க முடியாமல் சிரித்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அந்த ஆளு என்ன ஆனாரு?"

"தெரியலைங்க. மூஞ்சியே ஞாபகம் இல்லைங்க எனக்கு."

அவர் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொசுங்கின டேப் அவர் விரலுக்குக் கீழே வந்தது. நான் இஸ்திரி போட்டதையும் சொன்னேன், ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதை எதற்கு வைத்திருப்பது. அதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"அவரு பொழச்சுக்கிட்டாரு புள்ள" என்றார். "ஏன்னா அவரு உன்ற கையப் பாத்துட்டு வந்திருக்காரு. நீ முறுக்குனதும் பிரேக்கப் புடிச்சுட்டாரு. நான் புடிக்கலை. கோட்டு இருக்குதில்ல, அவன் நிப்பான்னு பிரேக்குல விரலே வைக்கலை. முன்னெல்லாம் வெப்பேன். இத மாட்டுனதுக்கு அப்புறம்தான் வைக்கறதில்லை. இப்பத்தான் எனக்கே தெரியுது."

நான் மாட்டிவிட்ட கோட்டு. அவர் அப்படிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ரோட்டில் ஒரு வேனும் இரண்டு பைக்கும் போயின. அதில் ஒரு பைக்காரர் எங்கள் கோட்டுப் போட்டிருந்தார். டேப் சரியாக இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஐம்பது வயசிருக்கும், வெற்றிலை போட்ட வாய், கண்ணாடி.

அவர் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, கட்டாயம் போடுங்க என்றும் வந்தது, இரண்டையும் விழுங்கினேன். "பத்துல எட்டுப் பேருக்குத் தெரிஞ்சாச் சரி" என்றார். "மீதி ரெண்டுக்கு நான் விரலை வெச்சுக்கறேன்." திருகின ஹேண்டிலை இரண்டு காலுக்கும் நடுவில் முன்சக்கரத்தை இடுக்கி நேராக்கினார். ஹெல்மெட்டை எடுத்தார். அது தலைக்குள் போகப் போகிற நேரத்தில் எனக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க, ஒரு நிமிஷம்."

"என்ன?"

"இருங்க. மூஞ்சியப் பாத்துக்கறேன்."

நடு ரோடு, செக்யூரிட்டி வேறு பார்க்கிறான், அவருக்கு வெட்கம். ஆனாலும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு, ஏதோ ஸ்பேனர் பட்டதாக எப்போதோ சொன்னார், அது இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. மீசையில் வலது பக்கம்தான் நரை அதிகம். காதோரம் ஆவாரம்பூ இதழ் ஒன்று ஒட்டியிருந்தது. எடுக்கவில்லை. கண் இரண்டும் இன்னும் அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"போதுமா?" என்றார்.

"போதுங்க. மெதுவாப் போங்க."

வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச தூரத்தில் தலை தெரியவில்லை, கை தெரியவில்லை, மஞ்சள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. செக்யூரிட்டி நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினான். "காரணம் எழுதணும்மா." மேலே உள்ள வரிகளில் சாவு, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று இருந்தது. பேனாவை வாங்கி, என்னைப் பார்க்க வந்தார் என்று எழுதிவிட்டு உள்ளே போனேன்.